பதிலாளும் பின்கதவும்

கல்லூரி மாணவரிடையே 'ப்ராக்ஸி' என்னும் சொல் நன்கு பழகிய சொல். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை அழைக்கும்பொழுது, வராத தோழனுக்காக இன்னொருவன் குரலைச் சற்றே மாற்றிக்கொண்டு 'உள்ளேன் ஐயா' என்பான். மாணவர் வழக்கில் அதற்கு ப்ராக்ஸி கொடுத்தல் என்று பெயர். 35 ஆண்டுகள் பதிவேடு எடுத்தவன் நான். அத்தகைய குரல்களில் பலவற்றை இன்றும் என்னால் பிரித்தறிய இயலும். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நின்று பேசுதலும், பெறுதலும், கொடுத்தலுமே அச்சொல்லின் பொருள். தமிழில் பதிலாள் எனலாம். இணையத்தில் வழங்கும் ப்ராக்ஸியும் இப்பொருளில் வந்ததே. ஆனால் அங்கே அது குறும்பு அன்று, நேர்மையான பணி. அப்பணியைக் குறித்தும், அதை நம்பிப் பின்கதவைத் திறந்து வைத்துவிடும் நம்மவர் பழக்கத்தைக் குறித்தும் இன்று சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இணையப் பதிலாள்களில் இரு வகை உண்டு. ஓர் அலுவலகத்தில் நூறு பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் அனைவரும் வெளி உலகத்து வலைத்தளங்களைப் பார்ப்பதற்கு ஒரே ஒரு கணினி வழியாகத்தான் செல்ல வேண்டும் என்று விதி இருக்குமாயின், அக்கணினி முதல் வகைப் பதிலாள். அது கேட்பவர் பக்கத்தில் நின்று, கேட்பவருக்காக வெளியே போய் வருவது. இணைய வலை பிறந்த இடமே இதற்கும் ஒரு வகையில் தாய்வீடு எனலாம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1989-ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ வலையைப் பற்றிய தம் கருத்தை எழுதிக் கொடுத்தார். 1990-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் சர்வர் அங்கே இயங்கிற்று. அந்நிலையத்தின் சர்வர் மென்பொருளையே பதிலாளாகவும் பணிபுரியச் செய்யும் முறையை 1994-இல் ஆரி லுவோடொனென், கெவின் ஆல்டிஸ் என்னும் இருவர் ஒரு கட்டுரையில் விளக்கினர்.

இரண்டாம் வகை இதற்கு நேர்மாறானது. அது கொடுப்பவர் பக்கத்தில் நிற்பது. வெளியிலிருந்து வரும் எல்லாக் கேள்விகளையும் தானே முன்வந்து ஏற்று, உள்ளே இருக்கும் சர்வரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, விடையை வாங்கி வந்து கேட்டவரிடம் சேர்ப்பது. நம் பேச்சுக்கு உரியது இவ்வகைதான். ரஷ்ய நாட்டவரான இகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் உலகுக்கு வெளியிட்ட என்ஜின்-எக்ஸ் என்னும் மென்பொருள் இப்பணிக்குப் பெரிதும் பயன்படுகிறது. அப்பாச்சி முதலியவற்றையும் இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு.

சர்வர் என்றால் நம் ஊரில் சிற்றுண்டிச் சாலையில் இட்டலி கொண்டுவந்து வைப்பவர் நினைவுக்கு வருவார். அதில் பிழையொன்றும் இல்லை. கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பதே கணினியுலகச் சர்வரின் வேலையும். வழங்கி என்னும் தமிழ்ச் சொல்லும் வழக்கில் வந்துவிட்டது, அழகிய சொல்தான். எனினும் கணினிக் கூடத்தில் உங்கள் காதில் விழுவது சர்வர் என்பதே ஆகலின், அதனையே இங்கும் ஆள்கிறேன்.

ஒரு பெரிய நூலகத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். வாசகர் தாமே அடுக்குகளுக்கு இடையே சென்று நூலை எடுக்க அங்கே அனுமதி இல்லை. முன்கூடத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு பணியாளர். நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அவர் உறுப்பினர் அட்டையைச் சரிபார்த்துவிட்டு, உள்ளறைக்குச் சென்று நூலைக் கொண்டுவந்து தருவார். மேசைப் பணியாளரே பதிலாள், உள்ளறையே சர்வர். உறுப்பினர் அட்டை பார்த்தல், வந்தவர் பெயரைக் குறித்தல், ஒரே ஆள் நாள் முழுதும் நூறு சீட்டு நீட்டினால் தடுத்தல் ஆகிய எல்லாக் கட்டுப்பாடுகளும் மேசையில் நடக்கின்றன. உள்ளறையில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஏன்? அங்கே பணியாளரைத் தவிர வேறு யாரும் வரமாட்டார் என்பதனால். 'வரமாட்டார்' என்னும் இந்த நம்பிக்கையைத்தான் நாம் ஆராய வேண்டும். உள்ளறைக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு இருந்து, அது தாழிடப்படாமலும் இருந்தால், மேசைப் பணியாளர் எவ்வளவு கண்டிப்பானவராக இருந்து என்ன பயன்?

கணினியின் கதவு யாது? இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி எண் உண்டு. நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதும் பழைய முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள் அமையும். ஒரு முகவரிக்குள்ளே, ஒரு வீட்டுக்குப் பல வாயில்கள் போல, 65,535 வரை எண்ணிடப்பட்ட வாயில்கள் உண்டு. போர்ட் என்று அவற்றைச் சொல்வர். வலைத்தளத்தின் வெளிப்படையான வாயில் 80. மறையாக்கம் செய்யப்பட்ட வாயில் 443. உங்கள் உலாவியில் வலைத்தளத்தின் பெயரைத் தட்டும்பொழுது, நீங்கள் சொல்லாமலே இவ்விரண்டில் ஒன்று தட்டப்படுகிறது. பதிலாள் இந்த வாயில்களில் அமர்ந்துகொண்டால், அதன் பின்னால் வேலை செய்யும் சர்வருக்கு வேறொரு வாயில் வேண்டும். பெரும்பாலோர் 8080 என்னும் எண்ணைத் தேர்ந்தெடுப்பர். அது விதியன்று, பழக்கம். எல்லாரும் அதே எண்ணை எடுப்பதால், அதை ஊகிப்பதும் எவர்க்கும் எளிது.

இனி, நான் அறிந்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயரும் ஊரும் வேண்டா. மாணவர் விவரங்களையும் மதிப்பெண்களையும் பதிந்து வைக்கும் ஒரு மென்பொருளை அப்பள்ளி விலைக்கு வாங்கிற்று. விற்றவர்கள் வாடகைக்கு எடுத்த ஒரு கணினியில் அதனை நிறுவி, முன்னால் ஒரு பதிலாளை வைத்து, அந்தப் பதிலாளிடத்திலே கடவுச்சொல் கேட்கும் ஏற்பாட்டையும் செய்து கொடுத்தனர். பள்ளியின் முகவரியைத் தட்டினால் கடவுச்சொல் கேட்கும். தவறாகச் சொன்னால் மறுக்கும். நிர்வாகத்தார்க்கு முழு நிறைவு. ஓராண்டு இவ்வாறே கழிந்தது. பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படித்த மாணவன் ஒருவன், வகுப்புப் பயிற்சியில் 8080 என்னும் எண்ணைத் தட்டிப் பழகிய கையோடு, பள்ளி முகவரியின் பின்னாலும் அதே எண்ணைச் சேர்த்துவிட்டான். கடவுச்சொல் ஏதும் கேட்காமல் பட்டியல் முழுதும் திரையில் வந்து நின்றது. மாணவர்தம் வீட்டு முகவரி, தந்தையின் தொலைபேசி எண், உதவித்தொகை செல்லும் வங்கிக் கணக்கு எண், அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் எல்லாம் அதில் இருந்தன. மதிப்பெண்ணுக்கு அருகிலே 'திருத்து' என்னும் பொத்தானும் இருந்தது.

அவன் அதை அழுத்தவில்லை. மறுநாள் காலையில் தன் ஆசிரியரிடம் போய்ச் சொன்னான். அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றளவும் வருத்தம் தருவது. மென்பொருள் விற்றவர்கள், பையன் ஏதோ களவு வேலை செய்து உள்ளே புகுந்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகத்தில் சிலர் அவனைப் பள்ளியிலிருந்து நீக்கவே முனைந்தனர். ஓய்வு பெற்றிருந்த என்னையும் இரண்டு ஆசிரியர்களையும் விசாரிக்கச் சொன்னார்கள். நாங்கள் மூவரும் எங்கள் கைப்பேசிகளிலேயே அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தோம். எங்களுக்கும் கடவுச்சொல் கேட்கவில்லை. பூட்டு உடைக்கப்படவில்லை, பூட்டே இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டோம். பையன் பள்ளியில் தொடர்ந்தான். இதைக் கேட்கும் மாணவர்கள், ஆகையால் பிறர் கதவுகளையெல்லாம் தட்டிப் பார்க்கலாம் என்று கொண்டுவிட வேண்டா. உரியவர் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தவறு என்கிறது. பிள்ளைகளின் விவரங்களை வைத்திருப்போர்க்கும் பொறுப்பு உண்டு. 2023-இல் இயற்றப்பட்ட தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர் அனைவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. தக்க காவல் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது.

விற்றவர்கள் சொன்ன ஒரு சமாதானம் ஆராயத்தக்கது. 'இந்த எண் யாருக்கும் தெரியாதே' என்றார்கள். யாருக்கும் தெரியாது என்பது ஒரு காலத்தில் ஓரளவு காவலாக இருந்திருக்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2013-இல் ஸீமேப் என்னும் கருவியை வெளியிட்டனர். வேகமான இணைப்பு கொண்ட ஒரே ஒரு கணினியிலிருந்து, நான் மேலே சொன்ன 429 கோடி முகவரிகளில் பொது இணையத்தைச் சேர்ந்தவை அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட வாயில் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட அதனால் இயலும். ஒரு பாடவேளை முடியுமுன் உலகத்தின் எல்லா வீடுகளிலும் ஒரு கதவைத் தட்டிவிட்டு வரலாம் என்றால், தெரியாது என்னும் சொல்லுக்கு என்ன பொருள்? அவ்வாறு தட்டிக் கண்டவற்றைத் தொகுத்துத் தேடித் தரும் தளங்களும் உண்டு. ஷோடன் என்பது 2009 முதல் நடந்து வருகிறது. அடையாளம் கண்டு யாரும் உங்களைத் தேடி வருவதில்லை. எல்லாக் கதவுகளையும் தட்டுவோர், உங்கள் கதவையும் தட்டுகிறார்கள். அவ்வளவே.

எனவே முதல் வேலை, பதிலாளைத் தவிர வேறு எவர் வந்து கேட்டாலும் சர்வர் செவி சாய்க்காதபடி செய்வது. இதற்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. எளிமையினாலேயே அது பலரால் புறக்கணிக்கப்படுகிறது. பதிலாளும் சர்வரும் ஒரே கணினியில் இருக்கும்பொழுது, அக்கணினி தனக்குத்தானே பேசிக்கொள்வதற்கென்று ஒதுக்கப்பட்ட முகவரி ஒன்று இருக்கிறது. அது 127.0.0.1. இம்முகவரிக்கு எழுதப்படும் செய்தி கணினியை விட்டு வெளியே போவதுமில்லை. வெளியிலிருந்து எவரும் இம்முகவரிக்கு எழுதி அக்கணினியை அடைவதும் இயலாது. உங்கள் வீட்டில் நீங்களே உங்களுக்குள் பேசிக்கொள்வதைத் தெருவில் நிற்பவர் கேட்க முடியுமா? சர்வர் தொடங்கும்பொழுது எந்த முகவரியில் காது வைக்க வேண்டும் என்று அதன் அமைப்புக் கோப்பில் எழுதுவது வழக்கம். அப்பாச்சியில் 'லிசன் 8080' என்று மட்டும் எழுதினால், கணினிக்கு உரிய எல்லா முகவரிகளிலும் அது காது வைக்கும். 'லிசன் 127.0.0.1:8080' என்று எழுதினால், உள்ளிருந்து வரும் குரல் மட்டுமே அதற்குக் கேட்கும். ஒரு வரியில் ஒன்பது எழுத்துக்குறிகளும் ஒரு முக்காற்புள்ளியும் கூடுதல். அந்தப் பள்ளிக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். சில மென்பொருள்களில் 0.0.0.0 என்று எழுதியிருப்பதைக் காண்பீர்கள். சுழியங்களைக் கண்டு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். எல்லா முகவரிகளிலும் கேள் என்பதே அதன் பொருள்.

இந்த ஒரு வரியின் பெருமையை உலகம் பெரிய விலை கொடுத்து அறிந்தது. மாங்கோ-டிபி என்னும் தரவுத்தள மென்பொருள், பழைய பதிப்புகள் பலவற்றில், கடவுச்சொல் இல்லாமலே எல்லா முகவரிகளிலும் காது வைத்தபடி நிறுவப்பட்டு வந்தது. 2017 ஜனவரியில் அவ்வாறு திறந்து கிடந்த தரவுத்தளங்களைத் தேடிக் கண்டு, உள்ளிருந்தவற்றை அழித்துவிட்டு, திரும்பத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் கூட்டம் கிளம்பிற்று. ஆயிரக்கணக்கில் அல்ல, பதினாயிரக்கணக்கில் தரவுத்தளங்கள் பறிபோயின. அவ்வாண்டு இறுதியில் வந்த 3.6-ஆம் பதிப்பு முதல், எவரும் மாற்றாதவரை 127.0.0.1 மட்டுமே என்று ஆக்கிவிட்டனர். முன்பே அவ்வாறு செய்திருக்கலாம் என்று சொல்வது நமக்கு எளிது.

பதிலாள் ஒரு கணினியிலும் சர்வர் இன்னொரு கணினியிலும் இருந்தால் இந்த வழி உதவாது. அப்பொழுது இரண்டையும் தனிமுகவரிகளால் இணைப்பர். 10 என்று தொடங்கும் முகவரிகள், 192.168 என்று தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரை தொடங்குவன ஆகிய மூன்று தொகுதிகளும் பொது இணையத்தில் செல்லாதவை என்று 1996-ஆம் ஆண்டிலேயே வரையறுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டு இணைப்புப் பெட்டிக்குள் நீங்கள் காணும் எண் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவே இருக்கும். அத்துடன், கணினியின் வாயிலில் ஃபயர்வால் என்னும் காவலையும் வைக்க வேண்டும். அதற்குக் கட்டளை இரண்டு: பதிலாளின் முகவரியிலிருந்து 8080-க்கு வருவதை விடு; வேறு எங்கிருந்து வந்தாலும் மறு. இவற்றின் வரிசை மாறக் கூடாது. இத்தகைய காவல்களில் பல, கட்டளைகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். 'எல்லாரையும் மறு' என்பதை மேலே எழுதிவிட்டால் பதிலாளும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

காவல் வைத்துவிட்டோம் என்று உறங்கிவிடவும் முடியாது. இக்காலத்தில் மென்பொருள்களை டாக்கர் என்னும் பெட்டகத்துக்குள் வைத்து இயக்குவது வழக்கமாகிவிட்டது. பெட்டகத்தின் வாயிலை வெளியே திறக்கும்பொழுது டாக்கர் தானே லினக்ஸின் போக்குவரத்து விதிகளில் புதிய வரிகளை எழுதிக்கொள்கிறது. உபுண்டு வைத்திருப்போர் பயன்படுத்தும் யூ.எஃப்.டபிள்யூ என்னும் காவல் 'இந்த வாயில் மூடியிருக்கிறது' என்று காட்டிக்கொண்டே இருக்கும். போக்குவரத்தோ அதைத் தொடாமல் வேறு வழியில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். இங்கும் மருந்து பழைய மருந்தே. பெட்டக வாயிலைத் திறக்கும்பொழுது எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்துவிட வேண்டும்.

பதிலாளை நாமே வைக்காமல், கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்களிடம் ஒப்படைப்பதும் உண்டு. அப்பொழுது உலகத்தின் கண்ணுக்குத் தெரிவது அந்நிறுவனத்தின் முகவரியே. நம் சர்வரின் உண்மை முகவரி மறைந்து நிற்கிறது. மறைந்து நிற்கிறதா? 2015-இல் டென்வர் நகரில் கூடிய கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்க ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து ஓர் ஆய்வைப் படைத்தனர். இவ்வாறு காக்கப்பட்ட 17,877 வலைத்தளங்களை ஆராய்ந்ததில் 71.5 விழுக்காட்டின் உண்மை முகவரி ஏதேனும் ஒரு வழியில் வெளிப்பட்டதாக அவர்கள் கண்டனர். பதிலாளை வைப்பதற்கு முன்பு இருந்த முகவரி பழைய பதிவேடுகளில் கிடக்கும். அதே கணினியிலிருந்து செல்லும் மின்னஞ்சலின் தலைப்பில் முகவரி எழுதப்பட்டிருக்கும். வீடு மாறாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியதற்கு ஒப்பாகும் இது.

அந்நிறுவனங்கள் தம் பதிலாள்களின் முகவரிப் பட்டியலை வெளியிட்டே வைத்திருக்கின்றன. அப்பட்டியலில் உள்ளோரை மட்டும் விடு என்று காவலுக்குச் சொல்லிவிடலாம், சொல்லவும் வேண்டும். ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. அதே நிறுவனத்தின் பதிலாளைப் பிறரும் வாடகைக்கு எடுக்கலாம் அன்றோ? தீயவன் ஒருவன் தானும் அங்கே வாடிக்கையாளனாகி, தன் பெயரில் உள்ள பதிலாளை நம் சர்வரை நோக்கித் திருப்பிவிட்டால், வருவது பட்டியலில் உள்ள முகவரியிலிருந்தே வரும். அதனால், முகவரியை மட்டும் நம்பாமல், பதிலாள் ஒரு சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று சர்வர் கேட்பதும், அச்சான்றிதழ் நம் தளத்துக்கே தனியாக உரியதாக இருப்பதும் நல்லது. நூலக உள்ளறையில் இருப்பவர், சீருடையை மட்டும் பார்க்காமல் அடையாள அட்டையையும் பார்ப்பது போன்றது.

இதுவரை சொன்னது கதவை அடைப்பது பற்றி. கதவை நன்றாக அடைத்த பிறகு, அடைத்ததனாலேயே ஒரு புதிய குழப்பம் பிறக்கிறது. என் அனுபவத்தில், முதற்பாதியை ஒழுங்காகச் செய்தவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள்.

அந்தப் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். வரி திருத்தப்பட்டது, 8080 மூடப்பட்டது. அடுத்து, மதிப்பெண் பதியும் பக்கம் பள்ளியின் இணைப்பிலிருந்து மட்டுமே திறக்க வேண்டும் என்று விரும்பினார்கள். பள்ளியின் முகவரி 203.0.113.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட எண் வரிசையைச் சேர்ந்தது அது. 'இம்முகவரியிலிருந்து வந்தால் விடு' என்று சர்வருக்கு எழுதினார்கள். எழுதிய உடனே ஆசிரியர் எவராலும் அப்பக்கத்தைத் திறக்க இயலவில்லை. ஏன் தெரியுமா? சர்வரிடம் வந்து கேட்பவர் இப்பொழுது ஒரே ஒருவர்தாம், அவர் பதிலாள். பள்ளியிலிருந்து கேட்டாலும், பாரீசிலிருந்து கேட்டாலும், சர்வரின் கண்ணுக்குத் தெரியும் முகவரி பதிலாளின் முகவரியாகிய 127.0.0.1 மட்டுமே. உள்ளறைப் பணியாளர் வாசகரைப் பார்ப்பதில்லை, மேசைப் பணியாளரையே பார்க்கிறார்.

ஆசிரியர் உள்ளே போக முடியாமை ஒரு தொல்லை, அவ்வளவே. இதன் மறுபக்கம்தான் ஆபத்து. 'இதே கணினியிலிருந்து கேட்டால் மட்டும் காட்டு' என்று விதி எழுதப்பட்ட பக்கங்கள் பல சர்வர்களில் உண்டு. அப்பாச்சியில், அந்நேரத்தில் யார் யார் எந்தப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நிர்வாகிக்குக் காட்டும் நிலைமைப் பக்கம் அத்தகையது. பதிலாள் இல்லாதபொழுது அவ்விதி சிறந்த காவல். அதே கணினியில் பதிலாளை வைத்த நொடியில், உலகத்தார் அனைவரும் 'இதே கணினியிலிருந்து' வந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். பூட்டு தானே சாவியாக மாறிவிடுகிறது. டோர் என்னும் மறைவலையில் இயங்கிய தளங்கள் சிலவற்றுக்கு இது நேர்ந்ததை 2016-இல் எடுத்துக்காட்டினர். அங்கும் டோர் மென்பொருள் அதே கணினியில் அமர்ந்து, வந்தவர்களையெல்லாம் 127.0.0.1 என்ற பெயரிலேயே அப்பாச்சியிடம் அனுப்பிற்று. மறைந்து இயங்குவதற்காகவே அமைக்கப்பட்ட தளங்களின் உள்விவரங்கள் கேட்டவர்க்கெல்லாம் காட்டப்பட்டன.

இதற்குச் செய்யத்தக்கது என்ன? வந்தவர் யார் என்பதைப் பதிலாள்தான் கண்ணால் காண்கிறது. ஆகவே, முகவரியைப் பார்த்து விடுவதும் மறுப்பதும் ஆகிய வேலையைப் பதிலாளிடமே கொடுத்துவிடுவது முதல் வழி. என் கருத்தில் அதுவே சிறந்த வழி. அந்தப் பள்ளியிலும் அவ்வாறே முடிந்தது. மற்றொரு வழி, வந்தவரின் முகவரியைப் பதிலாள் ஒரு சீட்டில் எழுதிச் சர்வருக்கு அனுப்புவது. ஸ்குவிட் என்னும் பதிலாள் மென்பொருளை எழுதியோர் இதற்கென்று 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்னும் தலைப்பு வரியைக் கொண்டுவந்தார்கள். ஏனையோரும் அதனைப் பின்பற்றினர். 2014-இல் இதற்கு 'ஃபார்வர்டட்' என்ற பெயரில் முறையான தரமும் வகுக்கப்பட்டது. எனினும் பழைய பெயரே இன்னும் பெருவழக்கு.

இப்பொழுது வருகைப் பதிவேட்டுக் குறும்பனை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு வரி என்பது வெறும் எழுத்து. அதைப் பதிலாள்தான் எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கேட்பவனே 'நான் 203.0.113.25' என்று எழுதி அனுப்பலாம். 'உள்ளேன் ஐயா' என்று சொல்வது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிது. பதிலாள்கள் வழக்கமாக, முன்பே எழுதியிருப்பதை அழிக்காமல், தாம் கண்ட முகவரியை அதன் வலப்புறத்தில் சேர்த்து எழுதும். ஆகவே வரியின் இடக்கோடியில் இருப்பது வந்தவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. வலக்கோடியில் இருப்பது நம் பதிலாள் கண்ணால் கண்டது. இடக்கோடியைப் படித்து நம்பும் மென்பொருள், குரலை மட்டும் கேட்டு வருகை குறிக்கும் ஆசிரியருக்கு ஒப்பானது. வலப்புறத்திலிருந்து படித்து, நாம் அறிந்து நம்பும் பதிலாள்களின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, முதலில் எதிர்ப்படும் அறியாத முகவரியையே வந்தவன் முகவரியாகக் கொள்ள வேண்டும். அப்பாச்சி 2.4-ஆம் பதிப்பிலும் என்ஜின்-எக்ஸிலும் இதற்கென்று ஏற்பாடுகள் உண்டு. எந்தப் பதிலாளை நம்புவது என்பதை நாம் அவற்றுக்குச் சொல்லியாக வேண்டும். 'எவர் சொன்னாலும் நம்பு' என்று எழுதிவிட்டால், அந்த ஏற்பாடே பொய்யனுக்குத் துணையாகிவிடும். பதிலாள் ஒன்றே ஒன்றுதான் என்றால், வந்தவன் எழுதியதை முற்றும் அழித்துவிட்டுத் தான் கண்டதை மட்டும் எழுதும்படி அதற்குக் கட்டளையிடுவது இன்னும் தெளிவு.

முதற்பாதிக்கும் இப்பாதிக்கும் உள்ள உறவை இங்கே கவனிக்க வேண்டும். பின்கதவு திறந்திருந்தால், வலக்கோடியில் இருப்பதும் பொய்யாக இருக்கலாம். ஏனெனில் பதிலாளைத் தொடாமலே வந்தவன், வரி முழுவதையும் தானே எழுதிக்கொள்வான். கதவு அடைபட்டிருந்தால்தான் சீட்டை நம்ப முடியும்.

எல்லாம் செய்து முடித்த பின் சோதிக்க வேண்டும். சோதிக்கும் இடம் முக்கியம். சர்வர் இருக்கும் கணினியிலேயே அமர்ந்து 8080-ஐத் தட்டினால் பக்கம் திறக்கத்தான் செய்யும், திறக்கவும் வேண்டும். பள்ளிக்கூடத்து இணைப்பிலிருந்து தட்டினாலும் உண்மை தெரியாது, ஏனெனில் அம்முகவரிக்குத் தனி அனுமதி எங்கேனும் எழுதப்பட்டிருக்கலாம். கைப்பேசியில் பள்ளியின் வைஃபையை நிறுத்திவிட்டு, கைப்பேசி நிறுவனத்தின் இணைப்பில், வலைத்தளத்தின் பெயரோடு 8080 சேர்த்து ஒரு முறையும், பெயருக்குப் பதிலாக முகவரி எண்ணோடு சேர்த்து ஒரு முறையும் தட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஆறாம் பதிப்பு முகவரி என்னும் நீண்ட புதிய முறை எண் அக்கணினிக்கு இருக்குமாயின், அதையும் தட்ட வேண்டும்; பழைய முறைக்குக் காவல் எழுதிவிட்டுப் புதிய முறையை மறந்த இடங்கள் பல. மூன்றிலும் பக்கம் திறக்காதிருக்க வேண்டும்; எண் சேர்க்காமல் வழக்கமான முகவரியைத் தட்டினால் கடவுச்சொல் கேட்க வேண்டும். கணினியை ஒரு முறை நிறுத்தித் தொடங்கிய பின்னர் இவை அனைத்தையும் மறுபடியும் தட்டிப் பாருங்கள். காவலுக்கு எழுதிய கட்டளைகளைச் சேமிக்காமல் விட்டிருந்தால், மின்சாரம் போய் வந்த நாளில் அவை அழிந்துபோயிருக்கும்.